வீட்டு முற்றத்தில் விதைப் புல்தரை

புல்தரை என்றாலே நம் ஊரில் பெரும்பாலும் நர்சரியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் புல் பத்தைகளைத்தான் நினைக்கிறோம். சதுரம் சதுரமாக வெட்டி வந்ததைக் காலையில் இறக்கி, பொழுது சாய்வதற்குள் விரித்துவிட்டால் அன்றைக்கே முற்றம் பச்சையாகிவிடும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கு அது சரியான வழி. மற்றவர்களுக்கு நான் விதையைத்தான் சொல்வேன். பத்தையின் அடியில் ஒட்டி வருவது வேறு எங்கோ வெட்டிய களிமண். அதன் கீழே இருப்பது உங்கள் மண். இரண்டும் ஒன்றோடொன்று சேராத இடங்களில் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் புல் வாடுகிறது. அந்தக் களிமண்ணோடு கோரைக் கிழங்கும் வந்து சேருவது பல வீடுகளில் நடப்பதுதான். விதையில் முளைத்த புல்லோ முதல் நாளிலிருந்தே உங்கள் மண்ணுக்குள் வேர் இறக்குகிறது. செலவும் பத்தையில் ஒரு பங்குதான்.

அதற்கு விலையாகக் காலத்தைக் கொடுக்க வேண்டும். விதைப்பதற்கு முன்னால் இரண்டு மாதம், விதைத்த பின்னால் இரண்டரை மாதம். இதில் முன்னால் உள்ள இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பாக்கெட்டை வாங்கி வந்த அன்றே கொத்திவிட்டுத் தூவிவிட ஆசை வரும். ஆனால் புல்தரை நன்றாக வருமா வராதா என்பது விதை மண்ணைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி மண்ணைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் சமவெளி ஊர்களுக்கு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிர் தாங்கும் புல்வகைகள் வளரும். அங்கே கிக்குயூ புல்லும் செழிப்பாகப் படரும். அந்தக் கணக்கு வேறு.

எந்தப் புல்?

சமவெளியில் விதை போட்டு வளர்க்க நம்பத்தகுந்த புல் அருகு. பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே அருகம்புல்தான். கடைப் பாக்கெட்டில் பெர்முடா என்றோ தூப் புல் என்றோ போட்டிருக்கும். கோல்ஃப் திடல்களிலும் கிரிக்கெட் மைதானங்களிலும் வெட்டிப் பராமரிக்கிற புல்லும் இந்த இனமே. வயலில் இதைக் களை என்று பிடுங்கி எறிகிறோம் என்றால், எந்தக் குணத்துக்காக எறிகிறோமோ அந்தக் குணம்தான் முற்றத்தில் நமக்கு வேண்டும். மண்ணின் மேலே ஓடுதண்டும் மண்ணுக்குள்ளே வேர்த்தண்டும் விட்டு இரண்டு வழியிலும் படரும். வெயிலைத் தாங்கும், மிதியைத் தாங்கும், ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். பத்து நாள் தண்ணீர் இல்லாமல் பழுப்பேறினாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

வயல் வரப்பில் வளரும் அருகிலிருந்து விதை சேகரிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதில் கதிர் நிறைய வரும். உருப்படியான விதை குறைவாகவே பிடிக்கும். அதோடு சேர்ந்து வேறு புல்லின் விதைகளும் வரும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இணையக் கடைகளில் ரை, ஃபெஸ்கியூ, கென்டக்கி புளூ என்று கண்ணைப் பறிக்கும் படங்களோடு பாக்கெட்டுகள் விற்கிறார்கள். அவை குளிர்நாட்டுப் புற்கள். மார்கழியில் விதைத்தால் அழகாக முளைக்கும். சித்திரை வெயிலில் கருகிவிடும். கொரியன் புல், மெக்சிகன் புல் என்று நர்சரியில் சொல்பவற்றை இங்கே பத்தையாகவோ வேர்த்துண்டாகவோதான் நட வேண்டும். அவற்றின் பெயரைப் போட்டு யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள்.

வெயிலும் தண்ணீரும்

அருகுக்கு ஒரு பெரிய குறை உண்டு. நிழல் ஆகாது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். எட்டு மணி நேரம் விழுந்தால் இன்னும் நல்லது. வேப்பமரத்தடியிலும் மாமரத்தடியிலும் எவ்வளவு உரம் போட்டாலும் நூல் நூலாக நீண்டு, கலைந்து, ஆறு மாதத்தில் மண் தெரியத் தொடங்கிவிடும். மரத்தடியை அப்படியே சருகுக்கு விட்டுவிடுங்கள், அல்லது நிழல் தாங்கும் எருமைப்புல்லைத் தண்டாக நடுங்கள். அகல இலையுள்ள அந்தப் புல் மெத்தென்று இருக்காது, ஆனால் பிழைத்துக்கிடக்கும்.

வெயிலை அளக்கும்போது ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. சித்திரை முதல் ஆடி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேலேயோ சற்று வடக்கேயோ இருக்கிறது. மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். சென்னையில் 20 அடி உயரமுள்ள மாடி வீட்டின் நிழல், மார்கழி நண்பகலில் வடக்கே ஏறத்தாழ 15 அடி வரை நீளும். ஆகவே வீட்டின் வடக்குப் பக்கத்தில் 10 அடி அகலத்துக்கு இடம் வைத்திருப்பவர்கள் ஆடியில் பார்த்த வெயிலை நம்பி விதைத்தால், மூன்று மாதம் புல்லுக்கு வெயிலே கிடைக்காது. கிழக்கும் தெற்கும் திறந்த இடமே தேர்வுக்கு உகந்தது.

அடுத்தது பரப்பு. வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் புல் நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீரைக் குடித்து ஆவியாக்கும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது ஒரு சென்ட் புல்தரைக்கு 200 லிட்டர். கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து இருக்கிற தெருவில் மூன்று சென்ட் புல்தரை போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். குழந்தைகள் விளையாடவும் சாயங்காலம் நாலு பேர் உட்காரவும் 200, 300 சதுர அடி தாராளம். மிச்ச இடத்தில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வையுங்கள். அவை வேர் ஊன்றிய பிறகு அவ்வளவு தண்ணீர் கேட்பதில்லை.

எப்போது தொடங்குவது?

அருகு விதை முளைக்க மண் சூடாக இருக்க வேண்டும். 24 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் வேகமாக முளைக்கும். இது நம் சமவெளியில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைப்பதுதான். ஆகவே காலத்தைத் தீர்மானிப்பது சூட்டைவிட மழைதான். வடகிழக்குப் பருவமழையின் ஒரு பெருமழை, விதைத்து ஒரு வாரமான பாத்தியை மொத்தமாக மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை விதையைத் தொடாதீர்கள், முக்கியமாகக் கடலோர மாவட்டங்களில்.

எனக்குப் பிடித்த கணக்கு ஆடியில் விதைப்பது. அக்னி நட்சத்திர வெயிலில் மண்ணைக் கொத்திப் புரட்டிப் போடலாம், வைகாசியில் சுத்தம் செய்யலாம், ஆனியில் களையை முளைக்கவிட்டு எடுக்கலாம். ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழை வரும்போது புல்லுக்கு மூன்று மாத வயதாகியிருக்கும். அந்த மழையை அது தாங்குவதோடு, அந்த மழையிலேயே மண்ணை முழுக்க மூடியும் விடும். ஆடியைத் தவறவிட்டவர்கள் மாசியில் விதைக்கலாம். தையில் வேண்டாம், கோவை, தர்மபுரி பக்கம் இரவுக் குளிரில் விதை பதினைந்து இருபது நாள் வரை உறங்கிக்கிடக்கும், அதற்குள் எறும்பு பாதியைக் கொண்டுபோய்விடும்.

மண்

புதிதாகக் கட்டிய வீட்டின் முற்றம் பார்க்கத்தான் மண். ஒரு சாண் கொத்திப் பாருங்கள். செங்கல் துண்டு, ஜல்லி, ஓட்டுச் சில்லு, கம்பித் துண்டு, பெயின்ட் டப்பாவின் மூடி எல்லாம் வரும். இவை வேரைத் தடுக்கும், அவ்வளவுதான். பொறுக்கிப் போட்டால் போச்சு. தொல்லை தருவது கண்ணுக்குத் தெரியாத சிமென்ட். கட்டட வேலையின்போது ஓரிடத்தில் சிமென்டும் மணலும் கொட்டிக் குழைத்திருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு பாலாடை மாதிரி இறுகிய படலம் மண்ணுக்குக் கீழே இருக்கும். தண்ணீர் இறங்காது, மண் காரமாகி, முளைத்த புல் வெளிறிய மஞ்சளாகவே நிற்கும். கட்டும்போது வேலை நடந்த இடம் எது என்று மேஸ்திரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே மட்டும் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு வேறு மண் நிரப்புங்கள். டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றிய தண்ணீர் ஓடிய வழிக்கும் இதுவே மருந்து.

மற்ற இடங்களில் முக்கால் அடி கொத்தினால் போதும். கடப்பாரையால் நெம்பி, கட்டிகளை உடைக்காமல் அப்படியே வெயிலில் கிடக்கவிடுங்கள். இரண்டு வாரமாவது கிடக்கட்டும். இது கோரைக்காக.

கோரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் புல்தரைகள் கெடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் அதுதான். மேலே முக்கோணத் தண்டும் பளபளக்கும் இலையுமாக, முதல் பார்வைக்குப் புல் போலவே இருக்கும். கையால் பிடுங்கினால் இலை மட்டும் வரும். கீழே கறுத்த கிழங்கு நிற்கும். அதிலிருந்து ஓர் இழை ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போகும். ஒன்றைப் பிடுங்கினால் உறங்கிக்கிடந்த பக்கத்துக் கிழங்கு விழித்துக்கொள்ளும். பவர் டில்லர் விட்டு உழுதால் அந்தச் சங்கிலியை அறுத்து, ஒரு மூலையில் இருந்ததை முற்றம் முழுவதும் பரப்பிக் கொடுத்ததாகிவிடும். ஆனால் கோரைக் கிழங்குக்கு ஒரு பலவீனம்: காய்ந்தால் செத்துவிடும். அதனால்தான் அக்னி வெயிலில் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடச் சொல்வது. மேலே வந்த கிழங்கு வெயிலில் வற்றிப் போகும். கையில் கிடைத்ததைப் பொறுக்கி எடுத்து வெளியே கொட்டுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

தப்பியவற்றைப் பிடிக்க அடுத்த வழி. கட்டிகளை உடைத்து, கல் பொறுக்கி, மண்ணை ஓரளவு சமன் செய்த பின் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், விதைத்தது போலவே நினைத்துக்கொண்டு. எட்டுப் பத்து நாளில் மூக்கிரட்டை, குப்பைமேனி, பருப்புக்கீரை, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் என்று மண்ணில் இருந்த விதையெல்லாம் முளைத்துவிடும். கோரையும் தலைகாட்டும். சின்னக் களைகளைக் களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டுங்கள். ஆழமாகக் கொத்தினால் கீழே உறங்கும் விதைகளை மேலே கொண்டுவந்துவிடுவீர்கள். கோரையை மட்டும் கடப்பாரை போட்டுக் கிழங்கோடு தோண்டுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி பத்து நாள், மறுபடி களை. மூன்றாம் சுற்றில் முளைப்பு வெகுவாகக் குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். விதைத்த பிறகு ஓராண்டு குனிந்து பிடுங்க வேண்டியதை இந்த ஒரே மாதத்தில் முடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முழு வெயில் விழும் இடமாக இருந்தால், நனைத்த மண்ணின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்தி ஓரங்களை மண்ணால் மூடி நாலைந்து வாரம் விடுவதும் உண்டு. களை விதைகள் வெந்துவிடும். ஆழத்தில் உள்ள கோரைக் கிழங்கு தப்பிவிடும் என்பதால் நான் முதல் முறையையே விரும்புகிறேன்.

இப்போது உரம். 100 சதுர அடிக்கு 30 கிலோ மட்கிய தொழுவுரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, 200 கிராம் சூப்பர் பாஸ்பேட். தொழுவுரம் நன்றாக மட்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாடை இல்லாமல் மண் வாடை வர வேண்டும். மட்காத சாணத்தை வாங்கிப் போட்டால் மாடு தின்ற புல்லின் விதையெல்லாம் உங்கள் முற்றத்தில் முளைக்கும், கரையானும் வரும். கிடைத்தால் தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை தரும் பூஞ்சையைக் கலந்து, லேசாக ஈரமாக்கி ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துவிட்டுப் போடுங்கள். இளம் முளைகளை அழுகவைக்கும் நாற்றழுகல் நோயை அது பெருமளவு தடுக்கும். இவற்றை மேல் நாலு அங்குல மண்ணோடு கலந்துவிடுங்கள்.

கடற்கரையோர மணலில் தண்ணீர் நிற்காது. அங்கே தொழுவுரத்தைக் கூட்டி, மட்கிய தென்னை நார்க்கழிவும் கொஞ்சம் வண்டல் மண்ணும் சேருங்கள். கரிசலுக்கு நேர் எதிர்த் தொல்லை. அதில் மணலைக் கொட்டிச் சரிசெய்ய நினைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் மணல் கரிசலில் கலந்தால் ஒரு பயனும் இல்லை, பலன் தரும் அளவுக்கு மணல் போட லாரிக் கணக்கில் வேண்டும். மட்கிய உரத்தையே தாராளமாகப் போட்டு, தரையை நாலு அங்குலம் உயர்த்தி, வடிகாலைச் சரியாக அமைப்பதுதான் வழி.

சமன் செய்வதை மேஸ்திரி வேலை போலவே செய்யுங்கள். நாலு மூலையிலும் முளை அடித்து, டியூப் லெவலில் மட்டம் பார்த்து, நூல் கட்டுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் வாட்டம் இருக்கட்டும். நடைபாதைக் கல்லைவிட மண் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு, ஈரம் பாதி உலர்ந்ததும் குதிகாலால் நெருக்கமாக மிதித்துக்கொண்டே போங்கள். பள்ளம் விழும் இடத்தில் மண் போட்டு மறுபடி மிதியுங்கள். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காவிட்டால் தரை தயார். கடைசியில் வாரியால் மேல் மண்ணை மட்டும் லேசாகக் கீறி விடுங்கள்.

பூச்செடிப் பாத்தி பக்கத்தில் இருந்தால், விதைக்கும் முன்பே இரண்டுக்கும் நடுவில் அரை அடி ஆழத்துக்குச் செங்கலைச் செங்குத்தாகப் புதைத்து வரிசை கட்டுங்கள். அருகு ஒருமுறை ரோஜாவின் வேருக்குள் புகுந்துவிட்டால் ரோஜாவைப் பிடுங்காமல் அதை எடுக்க முடியாது.

விதை

பாக்கெட்டில் விலைக்கு முன் பார்க்க வேண்டியவை பரிசோதித்த தேதியும் முளைப்புத் திறனும். இரண்டும் அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். விதை தோல் நீக்கியது, தோலோடு உள்ளது, வண்ணப் பூச்சுப் பூசியது என்று மூன்று விதமாக வரும். தோல் நீக்கியது ஒரு வாரத்தில் முளைக்கத் தொடங்கும். தோலோடு உள்ளது இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். தோல் நீக்கிய விதை ஒரு கிராமில் நாலாயிரம் வரை இருக்கும். 100 சதுர அடிக்கு 60 முதல் 80 கிராம் போதும். இது சதுர அங்குலத்துக்குப் பதினைந்து இருபது விதைக்குக் குறையாது. இதற்கு மேல் போட்டால் முளைகள் ஒன்றையொன்று நெருக்கி அழுகும். தோலோடு உள்ள விதை 100, 120 கிராம் வேண்டும். பூச்சு விதையில் எடையில் பாதி பூச்சாகவே இருக்கலாம் என்பதால் அதற்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். நூறு விதையை எண்ணி, ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி, ஒரு டப்பாவில் வைத்துச் சமையலறை ஓரத்தில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினான்காம் நாள் பிரித்து எண்ணுங்கள். எண்பது முளைத்திருந்தால் சந்தோஷம். ஐம்பதுதான் என்றால் அளவை ஒன்றரை மடங்காக்குங்கள். இருபது முப்பது என்றால் அந்த விதையை நம்பி இரண்டு மாத உழைப்பைக் கொட்ட வேண்டாம். புது விதை வாங்குங்கள். இந்தச் சோதனையை மண் வேலை நடக்கும்போதே செய்துவிட்டால் நாள் வீணாகாது.

விதைக்கும் நாள்

காற்று அடங்கிய சாயங்காலம் நல்லது. முந்தின நாளே தரையை நனைத்து வையுங்கள். விதைக்கும்போது மேல் மண் ஈரமாக, காலில் ஒட்டாத பதத்தில் இருக்க வேண்டும். விதை கேழ்வரகை விட மெலிந்தது என்பதால் அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் விழாது. பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து, கலவையை இரண்டு பங்காகப் பிரியுங்கள். தரையை நூல் கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அளவை ஒதுக்கிக்கொண்டால் முதல் பாதியிலேயே விதை தீர்ந்துபோகும் சங்கடம் இருக்காது. ஒரு பங்கைக் கிழக்கு மேற்காக நடந்து தூவுங்கள். மறு பங்கை வடக்கு தெற்காக.

அதன் மேல் சலித்த மட்கிய உரத்தையோ நைசான மணலையோ மெல்லத் தூவி மூடுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் போகவே கூடாது. அதற்குக் கீழே போன விதை முளைத்து மேலே வரும் முன் தன் சேமிப்பைத் தீர்த்துவிடும். பிறகு அழுத்த வேண்டும். பாதி தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாயை உருட்டலாம். இல்லாவிட்டால் பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, நகர்த்தி, மறுபடி நிற்கலாம். விதைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இருந்தால் முளைப்பு பாதியாகிவிடும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

எறும்புதான் அடுத்த கவலை. விதைப்பதற்கு முந்தின வாரமே சுற்றிப் பார்த்து, புற்றுகளைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்துங்கள். விதைத்தபின் ஓரம் முழுக்க வேப்பம் புண்ணாக்குத் தூளையும் மஞ்சள் தூளையும் கோடாகப் போடுவது ஓரளவு உதவும், ஈரம் பட்டால் மறுபடி போட வேண்டும். புறாவும் குருவியும் இறங்காமலும், மழைத்துளி நேராக அடிக்காமலும் இருக்கப் பச்சை நிழல்வலையைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கட்டிவிடுங்கள். முளை பரவலாகத் தெரிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். ஈரச்சாக்கு போர்த்துவதும் வழக்கத்தில் உண்டு. ஆனால் ஒரு நாள் எடுக்க மறந்தாலும் சாக்கின் இழைகளுக்குள் முளை புகுந்து, எடுக்கும்போது வேரோடு வந்துவிடும்.

முளைக்கும் வரை, முளைத்த பின்

முதல் இரண்டு வாரம் மேல் கால் அங்குல மண் காயவே கூடாது. விதை ஒருமுறை நனைந்து உயிர்பெற்ற பின் காய்ந்தால் திரும்ப எழாது. பூவாளியாலோ, பூவாளித் தலை பொருத்திய ஹோஸாலோ நாளுக்கு மூன்று நாலு முறை மென்மையாகத் தூவுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். கடைசித் தண்ணீர் மாலை நாலரைக்குள் இருக்கட்டும். இரவு முழுக்க ஈரத்தில் நிற்கும் இளம் முளைகளைத்தான் நாற்றழுகல் பிடிக்கும். சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரையும் துணி துவைத்த தண்ணீரையும் இந்தக் காலத்தில் விடாதீர்கள். வளர்ந்த அருகு உப்பைத் தாங்கும், முளை தாங்காது.

ஏழு எட்டாம் நாளில் குனிந்து பார்த்தால் பச்சை மயிரிழைகள் தெரியும். பத்தாம் நாள் பார்ப்பவர்களுக்கு மனம் தளர்ந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில் மேலே இன்னொரு பாக்கெட்டைத் தூவ வேண்டாம். மூன்று வாரம் முடியட்டும். ஒவ்வொரு முளையும் நாலாம் வாரத்தில் பக்கவாட்டில் ஓடத் தொடங்கும். அதன் பிறகு நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியும். மூன்று வாரத்துக்குப் பிறகும் ஓரடி அகலத்துக்கு வெறுமையாக இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் விதை போடுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து தண்ணீர் விடும் முறையைத் திருப்பிப் போட வேண்டும். தடவை குறைய வேண்டும், அளவு கூட வேண்டும். முதலில் நாளுக்கு ஒருமுறை, ஒன்றரை மாதத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து அங்குல ஆழம் நனையும்படி. தினமும் மேலாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் கீழே இறங்கக் காரணமே இல்லாமல் மேலேயே நின்றுவிடும்.

நாலு வாரம் ஆனதும் 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா. இலை காய்ந்திருக்கும்போது மணலோடு கலந்து தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் யூரியா ஒட்டினால் அந்த இடம் கருகும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. யூரியா போட்ட பின்னும் புல் வெளிறிய மஞ்சளாக இருந்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். பக்கத்துத் தரைக்கல்லில் பட்டால் துருக்கறை போகாது, மூடிக்கொண்டு தெளியுங்கள்.

களை வந்துகொண்டுதான் இருக்கும். இளம் புல்லில் களைக்கொல்லி எதுவும் வேண்டாம். தண்ணீர் விட்ட மறுநாள் காலையில், பலகையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, சுற்றியுள்ள புல்லை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் பிடுங்குங்கள். கோரை தெரிந்தால் அன்றே எடுக்க வேண்டும். ஐந்தாறு இலை விட்டுவிட்டால் அடியில் புதுக் கிழங்கு வைத்திருக்கும்.

முதல் வெட்டு

புல் இரண்டரை அங்குலம் உயர்ந்ததும் வெட்டலாம். விதைத்து நாலைந்து வாரத்தில் அந்த உயரம் வந்துவிடும். இன்னும் மண் மூடவில்லையே, இதற்குள் வெட்டுவதா என்று தயங்குகிறார்கள். வெட்டினால்தான் மூடும். நுனியை எடுத்துவிட்டால் புல் உயரப் போவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிளைக்கும். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது மட்டும் விதி. மண் காய்ந்து இறுகியிருக்கும் நாளாகப் பாருங்கள். முதல் வெட்டுக்குக் கூர்மையான புல் கத்திரி நல்லது. 200 சதுர அடிக்கு அது ஒரு மணி நேர வேலைதான். இயந்திரம் வாங்குவதானால் கையால் தள்ளும் உருளை வகையே வீட்டுக்குப் போதும். கத்திரிபோல் வெட்டுவதால் இலை நுனி கிழியாது, மின்சாரமும் வேண்டாம். மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும், இரண்டு நாளில் தரை முழுக்க வெண்பழுப்பாகத் தெரியும்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு வெட்டு, மழைக்காலத்தில் ஐந்து நாளுக்கு ஒன்று. உயரம் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் நிற்கட்டும். ஒரு மாதம் விட்டுவிட்டு மொத்தமாக வெட்டினால் அடித்தண்டு பழுப்பாக வெளியே தெரியும். அது மறுபடி பச்சையாக இரண்டு வாரம் ஆகும்.

இரண்டரை மாதம் வரை குழந்தைகளை உள்ளே விடாதீர்கள், நாற்காலி போடாதீர்கள். நாய் வளர்ப்பவர்கள் அதற்கு வேறு மூலையைப் பழக்குங்கள். ஒரே இடத்தில் அது சிறுநீர் கழித்தால் வட்டமாகக் கருகும், கருகினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகு எங்கேனும் சொட்டையாக இருந்தால் விதையைத் தேட வேண்டியதில்லை. ஓரத்தில் நடைபாதைக்கு ஓடிவரும் தண்டுகளை வெட்டி, நாலு அங்குலத் துண்டாக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி விரற்கடை இடைவெளியில் பதித்து, பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.